மாதவிலக்கு நின்ற பிறகு வளர்ச்சி ஹார்மோன் ஊசி: யாருக்கு, எதற்கு?

மதுரை செல்லூரில் எங்கள் மருந்துக்கடைக்குச் சாயங்காலம் வருகிறவர்களில் பாதிப்பேர் மருந்து வாங்க வருவதில்லை, கேள்வி கேட்கத்தான் வருகிறார்கள். போன வாரம் பக்கத்துத் தெரு மதினி போனை நீட்டினார். வீடியோவில் ஒரு அம்மா பளபளவென்று சிரிக்கிறார். ஐம்பத்தைந்து வயதாம், முப்பது வயதுத் தோலாம், எல்லாம் ஒரே ஊசியாம்.

"வளர்ச்சி ஹார்மோன்னு போட்டிருக்கு. தீட்டு நின்னவங்களுக்கு ரொம்ப நல்லதாமுல்ல? ஒங்க கடையில இருக்கா?"

மதினிக்கு 52 வயது. மாதவிலக்கு நின்று இரண்டு வருஷம். முட்டி வலி, தூக்கம் இல்லை, இடுப்பைச் சுற்றிச் சதை, திடீரென்று காது மடல்வரை ஏறும் சூடு. வீடியோ இதையெல்லாம் வரிசையாகச் சொல்லி ஊசியைக் காட்டினால் யாருக்குத்தான் ஆசை வராது? அவரே சிரித்துக்கொண்டு இன்னொன்றும் கேட்டார்: "இனிமே எனக்கு என்னத்த வளர்ச்சி, கல்யாண வயசுல பேத்தி இருக்கா?"

சரியான கேள்வி அது. அங்கிருந்தே தொடங்கலாம்.

பெயர்தான் நம்மைக் குழப்புகிறது. சின்ன வயதில் உயரம் கூட்டுவதால் 'வளர்ச்சி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். உயரம் நின்ற பிறகும் அந்த ஹார்மோன் வேலையை விடுவதில்லை. மூக்குத்தண்டுக்கு நேர் பின்னால், மண்டையோட்டின் அடித்தளத்தில் ஒரு எலும்புக் குழிக்குள் பட்டாணி அளவில் உட்கார்ந்திருக்கும் பிட்யூட்டரி சுரப்பிதான் இதைச் சுரக்கிறது. கொழுப்பைக் கரைத்து எரிபொருளாக்குவது, தசையில் புரதம் சேர்ப்பது, பழைய எலும்பை அரித்துப் புதிதாகக் கட்டும் பணியை முடுக்கிவிடுவது, உடம்பில் உப்பையும் தண்ணீரையும் பிடித்துவைப்பது என்று பெரியவர்களுக்குள் அதற்கு வேலை நிறைய. கடைசியாகச் சொன்ன தண்ணீர் விஷயத்தை மறக்காதீர்கள், பின்னால் தேவைப்படும்.

இது எந்நேரமும் சுரந்துகொண்டே இருப்பதில்லை. மேலூர்ப் பக்கம் கால்வாயில் முறை வைத்துத் தண்ணீர் விடுவார்களே, அப்படித்தான். விடும்போது கரை தொட்டு ஓடும், விடாதபோது மணல் தெரியும். ராத்திரி அசந்து தூங்கும் முதல் சில மணி நேரத்தில் பெரிய முறை ஒன்று வரும். ஆகவே பகலில் ஏதோ ஒரு நேரத்தில் இரத்தம் எடுத்து வளர்ச்சி ஹார்மோன் அளவைப் பார்த்து, "குறைவா இருக்கு, ஊசி போடணும்" என்று யாராவது சொன்னால், மணல் தெரிந்த நேரத்தில் கால்வாயைப் பார்த்துவிட்டு அணையே வற்றிவிட்டது என்று சொல்வதுபோல.

கால்வாய்த் தண்ணீர் போய்ச் சேரும் கண்மாய் ஒன்று இருக்கிறது. வளர்ச்சி ஹார்மோன் கல்லீரலைத் தட்டியதும் கல்லீரல் ஐஜிஎஃப்-1 என்ற இன்னொரு பொருளைச் செய்து இரத்தத்தில் விடுகிறது. அதன் அளவு நாள் முழுக்கப் பெரிதாக ஏறி இறங்காது. அதனால் டாக்டர்கள் முதலில் இந்தக் கண்மாய் மட்டத்தைத்தான் பார்ப்பார்கள். அதிலும் சந்தேகம் தீராவிட்டால், ஆஸ்பத்திரியில் கூடவே இருந்து, இன்சுலினோ குளுக்ககானோ கொடுத்துச் சுரப்பியைத் தூண்டி, அது எவ்வளவு எழும்புகிறது என்று அரைமணிக்கு ஒருமுறை இரத்தம் எடுத்து அளப்பார்கள். வீட்டு வாசலில் வந்து எடுத்துக்கொண்டு போகும் ஒரு குப்பி இரத்தத்தில் முடிகிற காரியம் இல்லை இது.

இப்போது மதினியின் வயதுக்கு வருவோம். நம் நாட்டில் மாதவிலக்கு நிற்கும் சராசரி வயது 46, 47. மேல்நாட்டைவிட நாலைந்து வருஷம் முன்னதாகவே. அந்தக் கட்டத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மை ஹார்மோன் சடாரென்று இறங்குகிறது. எலும்பு வேகமாகத் தேயத் தொடங்குவது அப்போதுதான். வளர்ச்சி ஹார்மோன் அப்படிச் சடாரென்று இறங்குவதில்லை. முப்பது வயதைத் தாண்டியதிலிருந்தே ஆணுக்கும் பெண்ணுக்கும் பத்தாண்டுக்குச் சுமார் 14 சதவீதம் என்று மெதுவாகக் குறைந்துகொண்டு வருகிறது. ஈஸ்ட்ரோஜன் இருந்தவரை பெண்களுக்கு அந்த முறைத் தண்ணீர் சற்றுத் தாராளமாகவே வந்துகொண்டிருக்கும், பிறகு அதுவும் போய்விடுகிறது.

இரண்டும் ஒரே காலத்தில் குறைகின்றன. வயிற்றில் கொழுப்பு, மெலிந்த தொடை, தேய்ந்த எலும்பு என்று வயதானவர்களுக்கு வருவதெல்லாம் பிட்யூட்டரி கெட்டுப்போனவர்களுக்கும் வருகிறது. அப்படியானால் ஹார்மோனைத் திருப்பிக் கொடுத்தால் வயது திரும்புமா? இந்தக் கேள்வி முட்டாள்தனமானது இல்லை. பெரிய ஆராய்ச்சியாளர்களே கேட்டிருக்கிறார்கள்.

1990 ஜூலையில் டேனியல் ருட்மன் என்ற அமெரிக்க மருத்துவரின் குழு ஒரு சோதனை முடிவை வெளியிட்டது. அறுபதைத் தாண்டிய 12 பேருக்கு ஆறு மாதம் இந்த ஊசி. கொழுப்பு 14.4 சதவீதம் குறைந்தது, கொழுப்பு நீங்கலான உடல் எடை 8.8 சதவீதம் கூடியது, தோல்கூடக் கொஞ்சம் தடித்தது. இன்று வாட்ஸ்அப்பில் சுற்றும் 'இளமை ஊசி' வீடியோக்களின் கொள்ளுத்தாத்தா இந்த ஆய்வுதான். அந்தப் பன்னிரண்டு பேரும் ஆண்கள். பெண் ஒருத்திகூட இல்லை. அந்த ஆய்வைக் காட்டி விற்பனை செய்கிறவர்களின் தொல்லை தாங்காமல், அதை வெளியிட்ட மருத்துவ இதழே 2003-ல் தலையங்கம் எழுதிக் கண்டித்தது.

பெண்களைச் சேர்த்துச் சோதித்தது 2002-ல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வு. 65-லிருந்து 88 வயதுவரை, 57 பெண்கள், 74 ஆண்கள், 26 வாரம். பெண்களுக்குக் கொழுப்பு குறைந்தது, தசை எடை கூடியது. ஆனால் பலம்? கூடவில்லை. தராசு காட்டியதை மாடிப்படி காட்டவில்லை.

ஏன் அப்படி? தண்ணீர் விஷயத்தை மறக்கவேண்டாம் என்றேனே, இங்கேதான் அது. கருவி 'கொழுப்பு நீங்கலான எடை' என்று காட்டுவதில் தசையும் உண்டு, தேங்கிய தண்ணீரும் உண்டு. அதே ஆய்வில் கால் வீக்கம், மூட்டு வலி, மணிக்கட்டு நரம்பு அழுந்துவது எல்லாம் வந்தன. மணிக்கட்டு நரம்பு அழுந்துவது என்றால் என்ன என்று மதுரையில் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வருஷக்கணக்காகப் பூக் கட்டும் பெண்கள் கடைக்கு வந்து கையை உதறிக் காட்டுவார்கள்: பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய், நடுராத்திரி எழுந்து உட்கார்ந்து உதறினால்தான் உணர்ச்சி வருகிறது என்று. நரம்பு போகும் அந்தக் குறுகிய பாதையில் தண்ணீர் கோத்துக்கொண்டால், பூவே தொடாதவர்களுக்கும் அது வரும். கை வளையல் கழலவில்லை, மெட்டி இறுக்குகிறது என்றும் தொடங்கலாம்.

2007-ல் இப்படிப்பட்ட ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பும் அதையேதான் சொன்னது. ஆரோக்கியமான முதியவர்களுக்கு ஊசி போட்டதில் கொழுப்பு சராசரியாக இரண்டு கிலோ போலக் குறைந்தது, கொழுப்பு நீங்கலான எடை ஏறக்குறைய அதே அளவு கூடியது, எலும்பு அடர்த்தியில் மாற்றம் இல்லை, பக்கவிளைவு அதிகம். கிட்டத்தட்ட இரண்டு கிலோவுக்காகத் தினமும் ஊசியா என்று நான் கேட்பேன். நீங்கள் எப்படியோ.

எலும்பு விஷயத்தில் மட்டும் ஒரு ஆய்வு என்னை நின்று பார்க்க வைக்கிறது. ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில், எலும்புப்புரை வந்த, மாதவிலக்கு நின்ற 80 பெண்களை எடுத்துக்கொண்டார்கள். 50-லிருந்து 70 வயது. ஈஸ்ட்ரோஜனும் கால்சியமும் வைட்டமின் டியும் அவர்களுக்கு ஏற்கெனவே உண்டு. அதன்மேல் சிலருக்கு வளர்ச்சி ஹார்மோன் மூன்று வருஷம், சிலருக்கு ஒன்றரை வருஷம் மருந்தில்லாத வெற்று ஊசி. எலும்பின் தாதுச் சத்து ஊசியை நிறுத்திய பிறகும் ஏறிக்கொண்டிருந்தது. பத்து வருஷம் கழித்துப் பார்த்தபோது, ஆரம்பத்தில் 56 சதவீதம் பேருக்கு எலும்பு முறிவு வரலாறு இருந்த அந்தக் கூட்டத்தில், அதன்பின் முறிந்தவர்கள் 28 சதவீதம்தான். அதே ஊரில் ஒப்பிடுவதற்காக எடுத்துக்கொண்ட பொதுப் பெண்களிடம் முறிவு 8-லிருந்து 32 சதவீதமாகக் கூடியிருந்தது. 2015-ல் வந்த முடிவு இது.

நல்ல சேதிதான். ஆனால் வெற்று ஊசிக் குழு பத்து வருஷமும் தனியாக நிற்கவில்லை, ஒன்றரை வருஷத்தோடு சரி. ஈஸ்ட்ரோஜன் எவ்வளவு உதவியது, பிறகு எடுத்த வேறு எலும்பு மருந்து எவ்வளவு உதவியது, 'உனக்கு எலும்பு பலவீனம்' என்று சொல்லப்பட்ட பெண் எவ்வளவு கவனமாக நடந்தாள் என்பதையெல்லாம் பிரிக்க முடியாது. வாழ்க்கைத் தரம் என்று கேள்வித்தாள் வைத்து அளந்ததில் ஊசியால் பெரிய மாற்றமும் தெரியவில்லை. ஆக இது மேலும் சோதிக்கத் தகுந்த தடயம். நாளைக் காலை மதினிக்கு ஊசி போடக் காரணம் இதில் இல்லை.

இடையில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஊசியைத் தொடங்கிய முதல் ஆறு மாதம், ஒரு வருஷத்தில் எலும்பு அடர்த்தி கொஞ்சம் குறையக்கூடச் செய்யும். பழைய வீட்டுச் சுவரில் கொத்தனார் முதலில் உப்புப் பூத்த பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுத்தானே புதிதாகப் பூசுவார்? எலும்பிலும் அப்படி. ஏற்றம் தெரிய ஒன்றரை, இரண்டு வருஷம் ஆகும். 'மூன்றே மாதத்தில் எலும்பு இரும்பாகும்' என்று எழுதுகிறவர்களுக்கு இந்தக் கணக்கே தெரியாது.

இனி டப்பாக்கள். கடைக்கு விற்பனைப் பிரதிநிதிகள் கொண்டுவரும் பொடி, மாத்திரை, நாக்கடியில் அடிக்கும் ஸ்பிரே என்று வளர்ச்சி ஹார்மோன் பெயர் போட்டு நிறைய வருகின்றன. இந்த ஹார்மோன் 191 அமினோ அமிலம் கோத்த புரதச் சங்கிலி. முட்டையையும் பருப்பையும் செரிக்கிற வயிற்றுக்கு அதுவும் இன்னொரு புரதம்தான், துண்டு துண்டாக்கிவிடும். உண்மையான மருந்து ஊசி மட்டுமே. தோலுக்கடியில், சின்ன ஊசியால், பெரும்பாலும் ராத்திரி படுக்கப்போகும்போது தினமும் போடுவது. வாரம் ஒருமுறை போடும் வகையும் வந்துவிட்டது. குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். மதுரை வெயிலில் கூரியர் பையில் இரண்டு நாள் சுற்றி வந்த குப்பியில் என்ன மிச்சம் இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் வயதைக் குறைக்க என்று சொல்லி இதை விநியோகிப்பது சட்டப்படி குற்றம், சிறைவரை போகும்.

யாருக்கெல்லாம் கூடவே கூடாது என்பது இன்னும் முக்கியம். புற்றுநோய் இருக்கிறவர்களுக்குக் கூடாது, ஏனென்றால் ஐஜிஎஃப்-1 செல்களைப் பெருகச் சொல்லும் பொருள். சர்க்கரை உள்ளவர்கள் யோசிக்க வேண்டும், இந்த ஹார்மோன் இன்சுலினுக்கு எதிர்ப்பக்கம் இழுக்கும். சர்க்கரையால் விழித்திரையில் புது இரத்தக் குழாய் முளைத்தவர்களுக்கு அறவே கூடாது.

கண் ஆஸ்பத்திரிக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு இந்தக் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1953-ல் போல்சன் என்ற டென்மார்க் மருத்துவர் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். சர்க்கரையால் விழித்திரை கெட்டிருந்தவள். பிரசவத்துக்குப் பின் பிட்யூட்டரி செத்துப்போனது. அதன் பிறகு கண் தேறிவிட்டது! லேசர் வராத காலம். அந்த ஒரு நோயாளியைப் பிடித்துக்கொண்டு, பார்வையைக் காப்பாற்ற பிட்யூட்டரியையே அறுத்தெடுக்கும் அறுவைச் சிகிச்சை பத்து, இருபது வருஷம் பல நாடுகளில் நடந்தது. வளர்ச்சி ஹார்மோன் விழித்திரைக்கு என்ன செய்யும் என்பதை அப்படித்தான் கற்றுக்கொண்டார்கள். லேசர் வந்ததும் அதைக் கைவிட்டார்கள்.

அந்த டென்மார்க் பெண்ணுக்கு வந்த நோய்க்கு ஷீஹன் நோய் என்று பெயர். உண்மையிலேயே இந்த ஊசியைப் பற்றி யோசிக்க வேண்டிய பெண் யார் என்றால், வீடியோவில் வருகிற அம்மா இல்லை, இவள்தான். கர்ப்ப காலத்தில் பிட்யூட்டரி பெருத்திருக்கும், இரத்தம் நிறையக் கேட்கும். பிரசவத்தில் கட்டுக்கடங்காமல் இரத்தம் போனால் முதலில் பட்டினி கிடப்பது அதுதான். சுரப்பி கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, அந்த எலும்புக் குழி வெறுமையாகிவிடும். முதலில் போகிற ஹார்மோன்களில் ஒன்று வளர்ச்சி ஹார்மோன். வீட்டுப் பிரசவம் அதிகமாக இருந்த தலைமுறையில் நம் ஊர்களில் இது அபூர்வமில்லை.

மூளைக்கடியில் கட்டி வந்து அறுவையோ கதிர்வீச்சோ எடுத்துக்கொண்டவர்களுக்கும் இதே நிலை வரலாம். கண்ணாடி விரியன் கடித்துப் பிழைத்தவர்களிடமும் பிட்யூட்டரி செத்துப்போவதைத் தென்னிந்தியாவிலும் பர்மாவிலும் பார்த்திருக்கிறார்கள். வயல் வேலை செய்கிற பெண் ஒருத்தி, பாம்புக்கடி ஆறி வருஷங்கள் கழித்து, 'சீக்கிரமே தீட்டு நின்னுருச்சு' என்று சொன்னால், அதை வெறும் மாதவிலக்குக் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

இப்படிச் சுரப்பி கெட்டவர்களுக்குக் கொடுப்பதுதான் ஹார்மோன் ஈடு செய்தல். அளவும் மிகச் சிறிது. அறுபது தாண்டியவருக்கு நாளைக்கு 0.1, 0.2 மில்லிகிராமில் தொடங்கி, கண்மாய் மட்டத்தை அளந்து அளந்து கூட்டுவார்கள். இதில் பெண்களுக்கு மட்டும் ஒரு சிக்கல் உண்டு. ஈஸ்ட்ரோஜனை மாத்திரையாக விழுங்கினால் அது குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போய், அங்கே ஐஜிஎஃப்-1 தயாரிப்பைக் குறைத்துவிடும். அப்போது ஊசியின் அளவைக் கூட்ட வேண்டிவரும். தோலில் ஒட்டும் பட்டையாகவோ பூசும் ஜெல்லாகவோ எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. ஊசி போட்டுக்கொண்டிருக்கிறவர் மாத்திரையை நிறுத்தினாலும் பட்டைக்கு மாறினாலும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஐஜிஎஃப்-1 தேவைக்கு மேல் ஏறிவிடும்.

மதினிக்கு இதில் எதுவும் இல்லை. மூன்று பிள்ளைகளுக்கும் பால் கொடுத்தவர், பிரசவத்தில் பிட்யூட்டரி செத்தவருக்குப் பால் சுரக்காது. 49 வயதுவரை மாதாமாதம் ஒழுங்காகத் தீட்டு வந்தவர். அவருக்கு வேண்டியது எலும்பு அடர்த்தியை அளக்கும் ஒரு டெக்ஸா ஸ்கேன். எலும்பு உண்மையிலேயே தேய்ந்திருந்தால் அதற்கென்றே வாரம் ஒரு மாத்திரை, வருஷம் ஒருமுறை நரம்பில் ஏற்றும் மருந்து என்று சோதித்துத் தேறியவை இருக்கின்றன. இந்த வயதில் நாளைக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். நூறு கிராம் கேப்பையில் 350 மில்லிகிராம் போலக் கிடைக்கும். பிறகு உட்கார்ந்து எழும் பயிற்சி, கையில் கொஞ்சம் பாரம். "காலையில தமுக்கத்துப் பக்கம் நடக்கத்தானே செய்யுறேன்" என்றார். நடப்பது நெஞ்சுக்கு நல்லது, தொடைத் தசைக்கு அது மட்டும் போதாது என்று சொல்லி, கடை ஸ்டூலைக் காட்டிக் கையூன்றாமல் எழச் சொன்னேன். இரண்டாவது தடவையே கவுன்டரைப் பிடித்துக்கொண்டார்.

அவரிடம் நான் சொன்னது எங்கள் பெரியம்மாவைப் பற்றி. உசிலம்பட்டிப் பக்கம். இப்போது 61. எந்த வெயிலிலும் போர்வையோடு உட்கார்ந்திருப்பார். சத்தில்லை, இரத்தமில்லை என்று சத்து மாத்திரையும் குளுக்கோஸும் எத்தனையோ வருஷம் ஏறியது. நாலு வருஷத்துக்கு முன் ஒரு காய்ச்சலில் பேச்சு குழறி, உப்பு அளவு அடியோடு இறங்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே ஒரு இளம் டாக்டர், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஸ்கேனுக்கு முன்னால் இதைத்தான் கேட்டார்:

"கடைசிப் பிள்ளை பெத்தப்ப ரத்தம் நெறயப் போச்சாத்தா?"

"ஓலப்பாயி நனைஞ்சு தரையில ஓடுச்சுன்னு சொன்னாக."

"பால் சொரந்துச்சா?"

"எங்கிட்டு? ஆட்டுப்பாலுதான் குடுத்தோம். தீட்டும் அன்னையோட போச்சு. செலவு மிச்சம்னு விட்டுட்டேன்."

அப்போது அவருக்கு வயது 29. கூட நின்ற எனக்கு, மருந்து படித்தவளுக்கு, இதைக் கேட்க ஒருநாளும் தோன்றவில்லை.

ஸ்கேனில் அந்தக் குழி வெறுமையாக இருந்தது. முதலில் கார்ட்டிசால் மாத்திரை, அதன் பிறகே தைராய்டு மாத்திரை. வரிசை மாறினால் உயிருக்கே ஆபத்து. வளர்ச்சி ஹார்மோனும் இல்லை என்பதில் டாக்டருக்குச் சந்தேகமே இல்லை. கார்ட்டிசால், தைராய்டு, தீட்டு வரவைப்பது என்று மற்ற மூன்று வகை ஹார்மோன்களும் போய், ஐஜிஎஃப்-1-ம் தரைதட்டி இருந்தால் தூண்டிப் பார்க்கவே வேண்டியதில்லை என்றார். ஊசி போடலாம், மாதம் பல ஆயிரம் ஆகும், மற்ற இரண்டு மாத்திரையும் உயிர் காப்பவை, இது தெம்புக்கும் எலும்புக்கும் என்று பிரித்துச் சொன்னார். பெரியம்மா கணக்குப் போட்டார். "போர்வை இல்லாம உக்காருறேன்ல, போதும். பெறகு பாப்போம்" என்றார். அந்த 'பெறகு' இன்னும் வரவில்லை. போன தடவை டெக்ஸா எடுத்தபோது டாக்டர் மறுபடி அந்தப் பேச்சை எடுத்திருக்கிறார்.

மாதாமாதம் மாத்திரை வாங்க வரும்போது சுருக்குப் பையைத் திறப்பார். வெற்றிலை, சில்லறை, அவற்றோடு பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு சீட்டு. 'கார்ட்டிசால் மாத்திரையை நிறுத்தக் கூடாது. காய்ச்சல் வந்தால் இரட்டிப்பு. வாந்தி என்றால் உடனே ஊசி' என்று நான்தான் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். சுண்ணாம்பு படிந்து அடிக்கடி மறைந்துவிடுகிறது. இந்த வருஷத்தில் இது மூன்றாவது சீட்டு.